ஏற்றத்துக்கு மட்டும் ஒரு பெயர்

கப்பலிலிருந்து, மொசாம்பிக் கரை
18 பிப்ரவரி 2025

காவேரி,

பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் போதும். போன் செத்து இருபது நாளாகிறது. அது உயிரோடு இருந்தபோதும் நீ எடுத்ததில்லை, அது வேறு விஷயம். ஜெனரேட்டரில் இரண்டு மணி நேரத்துக்கான டீசல்தான் மிச்சம். மாலுமிகள் நல நிலையத்து சிஸ்டர் எஸ்தர் பத்து நாளுக்கு ஒருமுறை மீன்பிடிப் படகில் அரிசியும் குடிதண்ணீரும் அனுப்புகிறார். படகுக்காரரிடம் கடிதத்தைக் கொடுத்தால், சிஸ்டர் படம் பிடித்து நம் பிள்ளையார்பாளையம் பழனியின் ஜெராக்ஸ் கடைக்கு மெயில் அனுப்புவார். பழனி தாளில் எடுத்து உன்னிடம் தருவான். உன் பதிலும் அதே வழியில் எனக்கு வரும்.

நவம்பர்ப் புயலில் எங்கள் சரக்குக் கப்பல் இழுபட்டு வந்து சேற்றில் உட்கார்ந்ததை அண்ணன் சொல்லியிருப்பார். முதலாளி கைகழுவிவிட்டார். மற்ற பதினொரு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருக்கிறேன். கரை இரண்டு மைல்கூட இல்லை, காலையில் சேவல் கூவுவது கேட்கிறது. ஆனால் இறங்க எனக்கு அனுமதி இல்லை.

கப்பல் கம்பெனியின் இந்த ஊர் ஏஜெண்ட் ஒருமுறை வந்தார். மார்ச் கடைசியில் "கிங் டைட்" வருமாம், கப்பல் தானாக மிதக்குமாம், இழுவைப் படகு வந்து துறைமுகத்துக்கு இழுத்துப் போகுமாம், அன்றோடு எனக்கு விடுதலையாம். தேதி கேட்டால் மறுபடியும் "கிங் டைட்" என்கிறார். பெரிய தண்ணீர் அமாவாசையை ஒட்டி வரும் என்று எங்கள் சமையல்காரர் சொல்வார். இங்கே தொங்குவது மூன்று வருஷத்துக்கு முந்திய காலண்டர். மார்ச் கடைசியில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்து எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாலும் சரி.

தேவேந்திரன்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
25 பிப்ரவரி 2025

தேவேந்திரன் அவர்களுக்கு,

மார்ச் 29, சனிக்கிழமை. பங்குனி பதினைந்து. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எழுதாமல் இருக்க என்னால் முடியுமா? பதினாலு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அதுவே பெரிது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு வீட்டுக்குப் போக வழி தெரிந்தது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா? இறங்க அனுமதி இல்லை என்றால் யார் தர வேண்டும்? ஏன் தரவில்லை? பாதியை எழுதிப் பாதியை விழுங்கும் பழக்கம் கடலுக்குப் போயும் மாறவில்லை.

கிங் டைட் என்றால் என்ன என்று பழனியைக் கேட்டேன். போனில் தேடிவிட்டு, "அக்கா, ராஜா அலைன்னு போட்டுக்கீது" என்றான். அலை வந்து கப்பலை எப்படித் தூக்கும்? எனக்கே சரியாகப் படவில்லை. ஓரிக்கைப் பாலாற்றிலேயே தண்ணீரை நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். தெரிந்தால் விளக்கமாக எழுதுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அண்ணி தையல்நாயகி அக்காதான் இப்போது தறியில் உங்கள் இடத்தில், வலது ஓரத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறார். கண் சீரியலில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை கரை பிசகுகிறது, நான் பிரித்துப் பிரித்து நெய்கிறேன்.

காவேரி

கப்பலிலிருந்து
6 மார்ச் 2025

காவேரி,

நீ கேட்டதால் படகுக்காரரிடமும், அவர் மூலம் சிஸ்டரிடமும் விசாரித்தேன். அது அலை இல்லை. கடல் தினம் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூடுதலாக ஏறும். அதிலும் நிலா பூமிக்குக் கிட்டே வரும் சமயம் பார்த்து, வருஷத்தில் சில நாள் எல்லாவற்றையும்விட உயரமாக ஏறும். அதைத்தான் கரையோரத்து ஜனங்கள் கிங் டைட் என்கிறார்கள். படித்தவர்கள் புத்தகத்தில் வைத்த பெயர் இல்லையாம், பேச்சில் வந்த பெயர்.

பெயர் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். படகுக்காரருக்கு அது வீட்டுக்குள் தண்ணீர் வருகிற நாள், பாயைச் சுருட்டிப் பரணில் போட வேண்டும். ஏஜெண்டுக்கு என் வாயை அடைக்கிற வார்த்தை. பாஸ்போர்ட் கேட்டேன், கிங் டைட் வரட்டும் என்றார். காய்கறி கேட்டேன், அதற்கும் அதையே சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் வெளியே போகும் வாசல். அமாவாசையை ஒட்டி என்றால் எத்தனை நாள் முன்பின் என்று மட்டும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

விழுங்கினதைக் கேட்டாய். சொல்கிறேன். கப்பலுக்கு ஒரு காவலாள் இருந்தே ஆக வேண்டும் என்று இந்த ஊர்க் கோர்ட் உத்தரவு போட்டது. கடைசியில் கேப்டனைத் தவிர மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். யாருக்கு வீட்டில் ஆள் காத்திருக்கிறதோ அவர்கள் கை தூக்குங்கள் என்றார் கேப்டன். மற்ற இரண்டு பேரும் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. புரியாத மொழியில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் என்று வாயால் சொன்னார்கள், தாளில் மாதக் கணக்கே இல்லை என்று சிஸ்டர் பிறகு படித்துச் சொன்னார். என்னை ஏற்றி வரும் படகைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஏஜெண்ட் கையெழுத்துப் போட்டால்தான் துறைமுகப் படகு வரும், அவர் போடமாட்டார். வேறு காவலாளைத் தேட அவருக்குச் சோம்பல். எனக்கோ நீச்சல் தெரியாது.

கோபப்படாதே. நீ சொன்ன வார்த்தை அன்றைக்கு என் மனதில் அப்படியே இருந்தது.

தேவேந்திரன்

பிள்ளையார்பாளையம்
14 மார்ச் 2025

என்னங்க,

கோபப்படாதே என்று எழுதினால் ஆயிற்றா? படித்துவிட்டுத் தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப் போகும்வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை. தையல்நாயகி அக்கா வந்து, "இன்னாமா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீங்க இல்லாட்டியும் தறி ஓடும்" என்று நான் சொன்னேன். இல்லை என்று சாதிக்கமாட்டேன். முகூர்த்தப் புடவை, கரை மூன்றாம் நாளும் பிசகியது. பெண்டாட்டி நெய்கிறாள், புருஷன் ஓரத்தில் எடுபிடி என்று தெருவில் எவனோ சொன்னதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு நாடாவைக் கோபமாகத் தள்ளினீர்கள். அதனால்தான் பிசகியது. நானும் கோபத்தில் சொன்னேன், நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டு பேர் கை இல்லாமல் இரண்டும் சேராது. இது உங்களுக்குத் தெரியாதா? என் வாயிலிருந்து வந்தால் எல்லாம் வேதவாக்கா?

கை தூக்கியிருக்க வேண்டும். இங்கே நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். போனை எடுக்காதது கோபத்தினால். எடுக்காவிட்டாலும் மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். முன்பின் என்று குழம்ப வேண்டாம். அமாவாசை என்றால் அமாவாசைதான். நம் தெருவில் அன்றைக்கு ஒரு தறிச் சத்தம் கேட்காது, மறுநாள் விடிந்ததும் எல்லாத் தறியும் ஓடும். அது போலத்தான் கடலுக்கும் இருக்கும். 29-ஆம் தேதி எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

காவேரி

கப்பலிலிருந்து
3 ஏப்ரல் 2025

காவேரி,

போய்விட்டது.

29-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கே ஜெனரேட்டரை ஓட்டினேன். இழுவைப் படகு வந்ததும் புறப்பட வேண்டுமே என்று நங்கூரத்தைத் தூக்கி வைத்தேன். ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறியது, ஆனால் கப்பல் அசையவில்லை. படகும் வரவில்லை. டீசல் தீர்ந்து இயந்திரம் இருமி நின்றது. நங்கூரம் இல்லாமல் கப்பல் எங்காவது நகர்ந்துவிட்டால் என்ன செய்வதென்று பயந்து, மறுபடி இறக்கிவிட்டேன். இறக்க டீசல் வேண்டாம், தூக்கத்தான் வேண்டும்.

30-ஆம் தேதி நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

31-ஆம் தேதி காலையில் தண்ணீர் எங்கோ போய்விட்டது. நான் இதுவரை பார்க்காத அளவுக்குச் சேறு தெரிந்தது. சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையோடு கப்பலுக்கு அடியிலேயே வந்து நின்று, கூண்டுக் குரங்கைப் பார்ப்பது போல என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அன்று மாலை ஐந்தே காலுக்குத் தளம் என் காலுக்கடியில் அசைந்தது. காவேரி, கப்பல் மிதந்தது. நாலரை மாதத்துக்குப் பிறகு மிதந்தது. இழுவைப் படகும் வந்தது. கயிறு போட்டார்கள். நங்கூரத்தைத் தூக்கு என்று கத்தினார்கள். நான் கையை விரித்தேன். சங்கிலியை அறுக்கும் கருவி அவர்களிடம் இல்லை. முக்கால் மணி நேரம் இழுத்துப் பார்த்தார்கள், தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் போய்விட்டார்கள். கப்பல் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

கிங் டைட் எப்போதும் அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வருமாம். படகுக்காரர் இப்போது சொல்கிறார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். இது தெரியாத ஆளும் இருப்பாரா என்று கேட்டார். ஏப்ரலில் ஏற்றம் ஒரு முழம் குறைவாம், கப்பல் கிளம்பாது. அடுத்தது அக்டோபரில்தான்.

உன்மேல் தப்பில்லை. இனி கடிதம் எழுதவும் தெம்பில்லை.

தேவேந்திரன்

பிள்ளையார்பாளையம்
9 ஏப்ரல் 2025

என்னங்க,

தப்பு என்மேல்தான். கடலைப் பார்த்தறியாதவள் கடலுக்கு நாள் குறித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு மேலே எழுதுகிறேன், ஏனென்றால் வேறு ஒன்று அவசரமாகக் கேட்க வேண்டும்.

மட்டி பொறுக்கும் பெண்கள் கப்பலுக்கு அடியில் வந்து நின்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி வந்தார்கள்? நடந்தா?

இதை நாலு தடவை படித்தேன். கூடை வைத்திருந்தார்கள், சிரித்தார்கள் என்று எல்லாம் எழுதினீர்கள், படகில் வந்தார்கள் என்று எழுதவில்லை. பெண்கள் நடந்து வர முடிந்த இடத்தில் நீங்கள் ஏன் நடந்து போக முடியாது?

எதிர்வீட்டு இளங்கோவன் சார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறார் அல்லவா, அவரிடம் ஓடினேன். "ஆமாம்மா, தண்ணி எவ்ளோ ஏறுதோ அவ்ளோ இறங்கவும் செய்யும். அதே நாளுல, ஆறு மணி நேரம் முன்ன பின்ன" என்றார். பாருங்கள், ஏற்றத்துக்கு ராஜா என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதே நாளில் இறங்குகிறதே அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் யாருக்கும் கண்ணில் படவில்லை. நீங்களும் கப்பல் எப்போது மிதக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கப்பல் மிதந்தால் என்ன, மூழ்கினால் என்ன? நீங்கள் வந்தால் போதும்.

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. இந்தத் தடவை நான் நாள் குறிக்கமாட்டேன். இரண்டு நாள் கழித்தா, மூன்று நாள் கழித்தா என்று அந்தப் படகுக்காரரிடமே கேளுங்கள்.

காவேரி

கப்பலிலிருந்து
16 ஏப்ரல் 2025

காவேரி,

நடந்துதான் வந்தார்கள். எனக்கு உறைக்கவே இல்லை.

படகுக்காரரிடம் கேட்டேன். 29-ஆம் தேதி, செவ்வாய், காலை பதினொரு மணிக்கு மிகவும் இறங்கும் என்கிறார். ஆனால் நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கிறதாம், அங்கே மார்பளவு தண்ணீர் நிற்கும். சேறு சில இடத்தில் ஆளை விழுங்கும். எங்கே என்று அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும், அவருக்கே தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குள் கரையேறாவிட்டால் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

என்னை விடுவிக்கக் கேட்டு சிஸ்டர் மூலம் போட்ட மனு 30-ஆம் தேதி கோர்ட்டில் வருகிறது. இதற்கு முன் இரண்டு தடவை வந்து தள்ளிப்போனது. நேரில் நின்றால்தான் கேட்பார்களாம். நேரில் வரப் படகு தரமாட்டார்கள். உத்தரவை மீறிக் கப்பலை விட்டு இறங்கினால் போலீஸ் பிடிக்கும். பிடித்தாலும் மறுநாள் நீதிபதி முன் நிறுத்தத்தானே வேண்டும் என்கிறார் சிஸ்டர். சொல்ல அவருக்குச் சுலபம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கப்பலில் இருந்தால் அரிசியாவது வருகிறது. அக்டோபர்வரை இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

தேவேந்திரன்

பிள்ளையார்பாளையம்
19 ஏப்ரல் 2025

என்னங்க,

அக்டோபரில் கப்பல் மிதக்கும், டீசல் யார் தருவார்கள்? இழுவைப் படகு மறுபடி வரும் என்று யார் சொன்னது? அந்த ஏஜெண்ட் அக்டோபரிலும் உங்களிடம் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் அங்கேயே கிழவராகிவிடுவீர்கள்.

ஒரு தடவை என் பேச்சைக் கேட்டு மோசம் போனீர்கள். சேற்றில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அதையும் நான்தான் செய்தேன் என்று சாகும்வரை நினைப்பேன். அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன், நடங்கள். அந்தப் பெண்கள் வந்த பிறகு இறங்குங்கள், அவர்கள் திரும்பும்போது அவர்கள் அடி வைத்த இடத்தில் அடி வையுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

காவேரி

மாலுமிகள் நல நிலையம்
3 மே 2025

காவேரி,

கரையிலிருந்து எழுதுகிறேன். இது தரை, ஆடாமல் இருக்கிறது.

29-ஆம் தேதி பத்தரைக்கு அந்தப் பெண்கள் வந்தார்கள். நூலேணியில் இறங்கினேன். காகிதங்களைப் பாலிதீன் பையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு பலகையைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது அடியிலேயே முழங்கால்வரை போனது. ஒரு வயதான அம்மா வந்து என் செருப்பைக் கழற்றி எறிந்தார். குதிகாலை ஊன்றாதே, விரலால் நட என்று செய்து காட்டினார். பிறகு அவர் பின்னாலேயே போனேன். வாய்க்காலில் தண்ணீர் கழுத்துவரை வந்தது. இரண்டு பெண்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள், நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். ஒரு இடத்தில் தொடைவரை புதைந்து அசைய முடியாமல் நின்றுவிட்டேன். பலகையைப் போட்டு, என்னைக் குப்புறப் படுக்கவைத்து இழுத்தார்கள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் வந்த வழியில் தண்ணீர் இருந்தது.

போலீஸ் பிடித்தது. மறுநாள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். படகு கொடுக்க நான் எப்போதும் தயாராக இருந்தேன் என்று ஏஜெண்ட் சொன்னார். நீதிபதி அம்மா என் காலைப் பார்த்தார், சேறு காய்ந்து வெடித்திருந்தது. "படகு இருந்தால் இவர் ஏன் இப்படி வந்தார்?" என்று மட்டும் கேட்டார். மாற்றுக் காவலாள் வந்ததும் என்னை விடுவிக்கச் சொல்லிவிட்டார்.

மாற்றாள் மூன்றே மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். ரஃபீக் என்று பெயர், சிட்டகாங்காரர், நாற்பத்தைந்து வயது. வேறு கப்பலில் வேலை போய்த் துறைமுகத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர். அதே தாளைத்தான் நீட்டினார்கள். மூன்று மாதம், கிங் டைட் வந்ததும் முடிந்துவிடும் என்று ஏஜெண்ட் அவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. தாளில் மாதக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கலாம். என் பாஸ்போர்ட் அப்போது மேஜைமேல் இருந்தது. ரஃபீக் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு அது கிடைக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மே 14-ஆம் தேதி டிக்கெட். சாயங்காலம் இங்கே ஜன்னலில் நின்றால் கப்பலில் அவர் ஏற்றும் விளக்கு தெரிகிறது. நான் ஜன்னல் பக்கம் போவதில்லை. இதை உனக்கு எழுதாமல் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

தேவேந்திரன்

பிள்ளையார்பாளையம்
6 மே 2025

என்னங்க,

கரையேறினேன் என்று எழுதிய வரியைத் தையல்நாயகி அக்காவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். அந்த வயதான அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள், அர்ச்சனை செய்ய வேண்டும்.

அப்புறம் ரஃபீக் விஷயம். வாயைத் திறக்காதது தப்பு. நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் திறந்திருக்கமாட்டேன், ஆனாலும் தப்புதான். அவருக்கும் சிட்டகாங்கில் ஒருத்தி இருப்பாள். மூன்று மாதம் என்று நாள் எண்ணுவாள்.

மே 27 அமாவாசை. 29-ஆம் தேதிவாக்கில் மறுபடி இறங்கும். இந்த நாளையும் படகுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் நடந்து வந்த வழி நெடுகக் கழி நடுங்கள், புதைந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். கப்பலுக்கு அடியில் போய் நின்று, தாளில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நாளில் நடக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே வருவாரோ, அடுத்த மாதம் வருவாரோ, அது அவர் இஷ்டம். வழி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மனுஷன் தாக்குப்பிடிப்பான்.

டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். 14-ஆம் தேதிக்கு என்று வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். பரவாயில்லை, அது அழுக்கானால் இன்னொரு தடவை அடித்துக்கொள்கிறேன்.

கழியை ஆழமாக நடுங்கள்.

காவேரி